வெந்நீர் பாய்லரும் ஈர மூட்டையும்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை எல்லாக் கடிதங்களும் நிலக்கரி பாய்லர் பற்றியவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வீட்டில் நான்கு பேர். 200 லிட்டர் டேங்க். வெந்நீருக்கு மட்டும் 25 கிலோவாட் பாய்லர் வாங்கினேன். "பெரியதாக இருந்தால் நல்லது" என்றார் விற்றவர். தினமும் 8 கிலோ கரி போகிறது. பாய்லரில் கோளாறா?

பதில்: பாய்லரில் கோளாறு இல்லை, வாங்கியதில்தான். 200 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 10.5 யூனிட் வெப்பம் வேண்டும். கிலோவுக்கு 25 மெகா ஜூல் தரும் கரியில் சுமார் 7 யூனிட் இருக்கிறது. பாதி வெப்பம் வீணானாலும் 3 கிலோவில் வேலை முடிய வேண்டும். விற்றவரை நம்பும் முன் இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம்.

மிச்ச 5 கிலோ போகும் வழி இது. உங்கள் பாய்லர் முழு வேகத்தில் எரிந்தால் அரை மணிக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் டேங்குக்குள் இருக்கும் காயில் (வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கும் சுருள் குழாய்) அவ்வளவு வெப்பத்தை அந்த வேகத்தில் வாங்காது. பாய்லர் நீர் சீக்கிரமே சூடேறி, காற்றுக் கதவு மூடிக்கொள்கிறது. கரி காற்றில்லாமல் புழுங்குகிறது. அதிலிருந்து வரும் வாயு எரியாமல் புகைபோக்கி வழியே போகிறது, தாராகவும் படிகிறது.

நாள் முழுக்க நெருப்பை வைத்திருக்காதீர்கள். ஒரே வேளையில் 3 முதல் 4 கிலோ போட்டு, தாராளமாகக் காற்று விட்டு, எரிந்து அணைய விடுங்கள். எரியும் தட்டின் பரப்பைப் பாதியாகக் குறையுங்கள்: இருபுறமும் தீச்செங்கல்லைக் காரை இல்லாமல் அடுக்கினால் போதும், வேண்டாதபோது எடுத்துவிடலாம். டேங்கிலிருந்து பாய்லருக்குத் திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்குக் குறையாதபடி, அதில் சூடான நீரைச் சேர்க்கும் ஒரு கலப்பு வால்வு போடுங்கள். குளிர்ந்த நீர் நேரே பாய்லருக்குள் வந்தால் உட்சுவர் வியர்க்கும். அந்த ஈரத்தில் கரியின் கந்தகம் சேர்ந்து தகட்டை அரிக்கும். டேங்கைச் சுற்றி 100 மில்லிமீட்டர் வெப்பக்காப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: கரியில் தூவினால் செலவு மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று ஒரு பொடி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கரியில் இல்லாத வெப்பத்தைப் பொடி கொண்டுவராது. சில பொடிகள் படிந்த புகைக்கரி எளிதாக எரிந்துபோக உதவும், அதைக் கம்பித் தூரிகையும் செய்யும். குளோரைடு உப்பு கலந்தவை தகட்டையும் தின்னும். என்னிடமும் ஒரு டப்பா உண்டு. இப்போது அதில் ஆணி போட்டு வைத்திருக்கிறேன்.

கேள்வி: இரவு பத்து மணிக்கு டேங்க் கொதிக்கக் கொதிக்க இருக்கிறது. யாரும் குழாயைத் திறக்கவில்லை. காலையில் வெதுவெதுப்புதான். டேங்க் மட்டமான சரக்கா?

பதில்: டேங்கைத் திட்டும் முன் பம்பைப் பாருங்கள். நெருப்பு அணைந்த பிறகும் பம்ப் ஓடினால், டேங்கின் சூட்டை எடுத்துக்கொண்டுபோய் ஆறிய பாய்லருக்குக் கொடுக்கும். பாய்லர் அதைப் புகைபோக்கிக்குக் கொடுக்கும். நீங்கள் கரி போட்டு வானத்தைச் சூடாக்குகிறீர்கள். பாய்லரிலிருந்து வெளிவரும் குழாயில் ஒரு தெர்மோஸ்டாட்டைக் கட்டி, 55 டிகிரிக்குக் கீழே பம்ப் நிற்கும்படி வையுங்கள்.

பம்ப் நின்றும் ஆறுகிறதா? டேங்க் பாய்லருக்குச் சம மட்டத்திலோ அதைவிடத் தாழ்வாகவோ இருந்தால், சூடான நீர் தானாகவே மேலேறிப் பின்னோக்கிச் சுற்றும். நெருப்பு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள குழாயைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் இதுதான் காரணம். ஒருவழி வால்வு ஒன்று போதும். ஆனால் பாய்லருக்கும் திறந்த விரிவுத் தொட்டிக்கும் (சூடேறி விரியும் நீர் போய்ச் சேரும் தொட்டி) நடுவில், அல்லது பாய்லருக்கும் பாதுகாப்பு வால்வுக்கும் நடுவில், எந்த வால்வும் வரக்கூடாது. அந்த வழி அடைபட்டால் பாய்லர் வெடிக்கும்.

டேங்கிலிருந்து குளியலறைக்கு வெந்நீரைச் சுற்றவிடும் பம்ப் தனியாக இருந்தால், அதற்கு டைமர் போட்டு இரவில் நிறுத்துங்கள்.

கேள்வி: கரியின் சான்றிதழில் கிலோவுக்கு 27 மெகா ஜூல் என்று போட்டிருந்தது. ஒரு டன் எடுத்தேன். முன்பு வாங்கியதைவிட வேகமாகத் தீர்கிறது. மூட்டையின் அடி ஈரமாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஆமாம். உங்கள் பிழை அல்ல, இது இந்த வியாபாரத்தின் பழைய தந்திரம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

சான்றிதழில் உள்ள எண் எந்த நிலையில் இருந்த கரிக்கு என்பதை யாரும் கேட்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் காற்றில் உலர்த்திய மாதிரியை எரித்து எடுத்த எண்ணை அச்சிடுவார்கள். உங்கள் வாசலில் இறங்குவது நனைந்த கரி. கணக்கு இதுதான்: உலர்த்திய மாதிரியில் 4 சதவீத ஈரமும், வந்து இறங்கிய கரியில் 18 சதவீத ஈரமும் இருந்தால், 27-ஐ 82-ஆல் பெருக்கி 96-ஆல் வகுங்கள். கிடைப்பது 23 மெகா ஜூல். தாளில் பொய் இல்லை, ஆனால் அந்தத் தாள் உங்கள் கரியைப் பற்றியதே இல்லை.

ஈரத்தை ஆவியாக்க நெருப்பு படும் பாடுதான் நஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சிறிய பங்கு. அந்த ஒரு டன்னில் உள்ள 180 கிலோ தண்ணீரை ஆவியாக்க 450 மெகா ஜூல் போதும், அதாவது 20 கிலோ கரிக்கும் குறைவு. பெரிய நஷ்டம் தராசில் நடந்தது. காற்றில் உலர்ந்தால் அந்த ஒரு டன் 854 கிலோதான். மிச்ச 146 கிலோ தண்ணீரைக் கரி விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள்.

சோதனை எளிது. மூன்று மூட்டைகளின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துக் கலந்து 10 கிலோ நிறுங்கள். தகரத் தட்டில் மெல்லப் பரப்பி, மழை படாத காற்றோட்டமான இடத்தில் எடை குறைவது நிற்கும்வரை விடுங்கள். 8.6 கிலோவில் நின்றால் 14 சதவீதம் தண்ணீர். அடுப்பில் வைத்து உலர்த்தாதீர்கள். இன்னொரு 10 கிலோவை 10 மில்லிமீட்டர் சல்லடையில் சலியுங்கள். கட்டிக் கரி என்று விற்றதில் தூள் நிறைய இருந்தால் அதையும் எழுதிவையுங்கள். தூள் தட்டின் இடுக்கில் விழுந்து எரியாமலே சாம்பலோடு போகும், அல்லது அடைத்துக்கொண்டு காற்றை மறிக்கும்.

மிச்ச மூட்டைகளை எரிக்காதீர்கள். இரண்டை அவிழ்க்காமல் சாட்சியாக வையுங்கள். ரசீது, சான்றிதழ், தராசு எண் தெரியும் படம் மூன்றையும் சேர்த்து விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அடுத்த முறை "வந்து இறங்கும் நிலையில் மொத்த ஈரம் இத்தனை சதவீதம்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: டேங்க் வெப்பத்தை 40 டிகிரிக்குக் குறைத்தால் கரி மிச்சமாகுமே?

பதில்: ஆகும். லெஜியோனெல்லா என்ற நுரையீரல் நோய்க் கிருமியும் அங்கே செழிக்கும். 20 முதல் 45 டிகிரி வரை அதற்குக் கொண்டாட்டம். டேங்கில் 60 வையுங்கள், குழாயில் குளிர்ந்த நீரைக் கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பற்றவைத்து ஒரு மணி நேரம் கரும்புகை. அக்கம்பக்கத்தில் சண்டை. என்ன செய்ய?

பதில்: நெருப்பின் மேல் புதுக் கரியைக் கொட்டுகிறீர்கள். கரி சூடானதும் முதலில் வாயுவைத்தான் விடும். மேலே சுடர் இல்லாததால் அது அப்படியே புகையாகிறது.

மேலிருந்து பற்றவையுங்கள். முதலில் தேவையான கரி முழுவதையும் போடுங்கள். அதன் மேல் காய்ந்த சுள்ளி வைத்துக் கொளுத்துங்கள். சாம்பல் கதவைக் கொஞ்சமும், மேல் கதவின் காற்றுத் துளையைச் சற்றும் திறந்து வையுங்கள். நெருப்பு மெல்லக் கீழே இறங்கும், கீழிருந்து வரும் வாயு சுடரைத் தாண்டித்தான் போக வேண்டும். நடுவில் கரி சேர்த்தே ஆக வேண்டுமென்றால், தணலைப் பின்னால் தள்ளிவிட்டு முன்பக்கம் போடுங்கள். புகை மேலே வெளியேறும் பாய்லர்களுக்கு மட்டுமே இந்த முறை. பக்கவாட்டில் அல்லது கீழே புகை வெளியேறும் வகைக்குப் பொருந்தாது.

புகைக்குழாயில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டுங்கள். 150-லிருந்து 250 டிகிரிக்குள் இருந்தால் சரி. சுத்தம் செய்த நாளில் காட்டியதைவிட 50 டிகிரி ஏறினால் உள்ளே புகைக்கரி படிந்திருக்கிறது, தூரிகையை எடுங்கள்.

கேள்வி: இரவில் புகைபோக்கி டேம்பரை (புகை வழியை அடைக்கும் தகடு) முழுக்க மூடினால் தணல் காலைவரை நிற்குமா?

பதில்: தணல் நிற்கலாம், நீங்கள் எழுந்திருக்கமாட்டீர்கள். புகை போக வழியில்லாவிட்டால் தணலின் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும், அதற்கு வாசனை கிடையாது. டேம்பரை முழுக்க மூடவே கூடாது. இன்றே அந்த வாயுவைக் கண்டால் ஒலிக்கும் ஒரு அலாரம் வாங்குங்கள்.

கேள்வி: படம் பார்த்துப் பழைய பாய்லர் வாங்கினேன். அடிப்பக்கம் கசிகிறது. வெல்டிங் தாங்குமா?

பதில்: நேரில் போகாமல் பாய்லர் வாங்குவார்களா? வெல்டிங் தாங்கும், பக்கத்தில் உள்ள தகடு தாங்காது. அடியில் கசிகிறது என்றால் கந்தக ஈரம் உள்ளிருந்து அரித்து அந்தப் பகுதி முழுக்க மெலிந்திருக்கும். ஓர் ஓட்டையை அடைத்தால் இரண்டு விரல் தள்ளி அடுத்தது திறக்கும். வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: சின்னச் சுத்தியலால் தட்டினால் எங்காவது மந்தமான சத்தம் வருகிறதா, கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தால் வழுக்கி வருகிறதா, குளிர்ந்த நீரை நிரப்பி வழக்கமான அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு கொடுத்தால் மீட்டர் முள் இறங்குகிறதா. கசிவை மறைத்து விற்றிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் கதவையும் தட்டையும் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைப் பழைய இரும்புக்குப் போடுங்கள்.