மாடி வரை ஏறிய கொடி ரோஜா: தரையோடு வெட்டலாமா?

கேள்வி: பெங்களூரு ஜெயநகரில் எங்கள் பழைய வீடு. மாமியார் நர்சரியில் வாங்கி வைத்த கொடி ரோஜா சஜ்ஜாவைத் தாண்டி மாடித் தொட்டிக் குழாய் வரை ஏறிவிட்டது. கீழே முள்ளும் குச்சியும்தான், பூவெல்லாம் உச்சியில். “தரையோடு வெட்டுங்க, புதுசாத் தளிர்க்கும்” என்கிறார் தோட்ட வேலைக்காரர். ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார். வெட்டச் சொல்லலாமா?

பதில்: கூடாது. நர்சரி ரோஜாவில் பெரும்பாலும் இரண்டு செடிகள் சேர்ந்திருக்கும். வேர் காட்டு ரோஜாவுடையது, பூப்பது அதன்மேல் ஒட்டுக் கட்டிய ரகம். இரண்டும் சேரும் இடம் மண்ணை ஒட்டித் தடித்த முண்டாக இருக்கும். வருடக்கணக்கில் மண் மூடியிருந்தால் கையால் விலக்கிப் பாருங்கள். அந்த முண்டுக்குக் கீழே வெட்டினால் தளிர்ப்பது காட்டு ரோஜாதான். அது வெகு செழிப்பாகத் தளிர்க்கும், அதைக் காட்டித்தான் கூலி வாங்குகிறார்கள். அடுத்த வருடம் நல்ல பூவுக்குப் பதில் பொடிப் பொடியாக வெள்ளைப் பூக்கொத்து வந்ததும் அதே ஆள் புதுச் செடி விற்க வருவார். கத்திரி வைத்திருப்பவரெல்லாம் தோட்டக்காரர் ஆகிவிடும் ஊரில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாதவரைச் செடிப் பக்கம் விடாதீர்கள்.

முண்டுக்குக் கீழிருந்து ஏற்கெனவே குருத்து வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒட்டுக்கு வேராக அதிகம் பயன்படும் மல்டிஃபுளோரா என்ற காட்டு ரோஜாவில் இலைக்காம்பின் அடியில் சீப்புப் பல் மாதிரி இழைகள் இருக்கும். அப்படி வந்த குருத்தை வெட்டாமல், மண்ணைத் தோண்டி வேரிலிருந்து பிய்த்தெடுங்கள். வெட்டினால் இரண்டாகக் கிளைக்கும்.

இனி கவாத்து, அதாவது கிளை கத்தரிப்பது. பெங்களூரில் மழை ஓய்ந்த பிறகு, அக்டோபர் கடைசி முதல் நவம்பருக்குள் செய்யுங்கள். மழையில் வெட்டினால் வெட்டுவாயில் பூஞ்சை ஏறி, தண்டு நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கும். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். காய்ந்ததையும் கருகியதையும் முதலில் எடுங்கள். பிறகு சாம்பல் நிறத்தில் முற்றிப்போன பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முண்டுக்கு ஒரு விரல் மேலே வெட்டுங்கள். மீதி அடுத்த இரண்டு வருடங்களில். வெட்டிய தண்டை முழுசாக இழுத்தால் பக்கத்துக் குருத்தெல்லாம் முறியும், ஆகவே துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். மின்கம்பத்திலிருந்து வரும் ஒயரில் கொடி சுற்றியிருந்தால் கை வைக்காமல் மின்சார உதவி எண் 1912க்குச் சொல்லுங்கள்.

பூ உச்சியில் மட்டும் வருவதற்குக் காரணம் தண்டு நேராக நிற்பதுதான். நுனி மொட்டு கீழுள்ள மொட்டுகளை எழவிடாது. தண்டைப் படுக்கை வாட்டில் வளைத்துக் கட்டினால் ஒவ்வொரு கணுவிலும் கிளை எழுந்து பூக்கும். நல்ல தண்டுகளில் ஐந்தாறை நிறுத்தி, சுவரில் குறுக்குக் கம்பி அடித்து விசிறியாகப் பரப்புங்கள். கட்டுவதற்குப் பழைய புடவைக் கிழிசலோ சணலோ போதும். நைலான் கயிறு தண்டை அறுத்துவிடும். பக்கக் கிளைகளில் இரண்டு மூன்று கணு விட்டு, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள்.

வெட்டுவாயில் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் 100 கிராமையும் சுண்ணாம்பு 100 கிராமையும் அரை அரை லிட்டர் தண்ணீரில் தனித்தனியாகக் கரைத்துப் பிறகு ஒன்றாக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு ஆகாது. வீட்டுக்கு வந்து விற்கும் ‘ஹார்மோன் பவுடர்’ எதுவும் தேவையில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் வெட்டும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் கொடி வருடம் முழுக்க விட்டுவிட்டுப் பூக்கிறதா, ஒரே ஒரு தடவை மொத்தமாகப் பூத்து ஓய்ந்துவிடுகிறதா? இரண்டாவது வகை போன வருடத் தண்டில்தான் பூக்கும். நவம்பரில் அதை வெட்டினால் வரப்போகும் பூவையே வெட்டுகிறீர்கள். அந்த வகையைப் பூ முடிந்த கையோடு, பூத்த தண்டை எடுத்துப் புதுத் தண்டை நிறுத்தி, கவாத்து செய்ய வேண்டும். மாமியாரைக் கேளுங்கள், அக்கம்பக்கத்தில் கேளுங்கள். யாருக்கும் தெரியாவிட்டால் ஒரு வருடம் வெட்டாமல் கவனியுங்கள். அதுவரை காய்ந்ததை மட்டும் எடுக்கலாம். செடி வாங்கும்போதே ரகத்தின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தால் இந்தத் தவிப்பே வராது. பளபளக்கும் படத்தைத் தொங்கவிட்டு, பெயரும் ரசீதும் இல்லாமல் விற்பதை ஏன் இன்னும் அனுமதிக்கிறார்கள்?

மர அதிகாரியின் அனுமதி வேண்டும், அதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கர்நாடகத்தின் 1976ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் மரம் வெட்டுவதைப் பற்றியது, உங்கள் சுவர்க்கொடியைக் கத்தரிப்பதைப் பற்றியதல்ல. குப்பைதான் நிஜமான தலைவலி. தோட்டக் கழிவை ஈரக் குப்பை, உலர் குப்பையோடு சேர்க்காமல் தனியாக வைக்க வேண்டும் என்பது விதி. அதனால் கூலி பேசும்போதே அப்புறப்படுத்துவதையும் சேர்த்துப் பேசி, பாதிப் பணத்தைக் கடைசித் துண்டு வாசலைவிட்டுப் போன பிறகு கொடுங்கள்.