லோங்ஜியா மக்கள் பட்டியலில் ஏன் இல்லை?

தென்மேற்குச் சீனாவின் லோங்ஜியா மக்களைப் பற்றிக் கட்டுரை எழுதும் நீங்கள், சீன அரசு அங்கீகரித்த 56 இனங்களின் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லாததால், அவர்கள் அழிந்துவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. 1953 கணக்கெடுப்பில் 400க்கும் மேற்பட்ட இனப்பெயர்கள் பதிவாயின. அரசு அவற்றைச் சுருக்கியது. குய்ச்சோ மாகாணத்து லோங்ஜியாக்கள் 1980களில் பாய் இனத்தில் சேர்க்கப்பட்டார்கள். அதனால் இன்றைய ஆவணங்களில் 'பாய்' என்றே தேடுங்கள். ஊர் என்றால் பிஜியே, அன்ஷுன் வட்டாரம்.

பழைய வரலாற்றுக்குச் சிங் அரசமரபுக் காலத்து (1644–1912) 'மியாவ் ஓவியத் தொகுப்பு'களை, அதாவது தென்மேற்குச் சீன இனக்குழுக்களைப் படமும் குறிப்புமாகக் காட்டும் ஏடுகளை, பாருங்கள். அவற்றில் லோங்ஜியாக்களே நாலைந்து பிரிவுகளாக வருகிறார்கள். ஒரு பிரிவுப் பெண்கள் நாய்க்காது போலக் கொண்டை முடிந்திருப்பார்கள். வசந்தத்தில் கம்பம் நட்டு, இளைஞர்கள் அதைச் சுற்றி ஆடித் துணை தேடுவார்கள். இந்த ஏடுகளை எழுதியவர்கள் வெளியாட்கள், அதை மட்டும் மனதில் வையுங்கள்.

மொழிதான் எனக்குப் பெரிய வருத்தம். லோங்ஜியா பேச்சு வழக்கொழிந்துவிட்டது, மிஞ்சியது சொற்பட்டியல்கள்தான். நெருங்கிய உறவான சாய்ஜியா மொழியை குய்ச்சோவின் ஹெஜாங், வெய்னிங் பக்கம் இன்னும் சிலர் பேசுகிறார்கள். உங்கள் கட்டுரையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், பாய் இனத்தவர் பெரும்பாலும் யுன்னான் மாகாணத்தில் வாழ்வதால், லோங்ஜியாக்களும் அங்கிருந்து குடியேறியவர்கள் என்று எழுதிவிடாதீர்கள். வகைப்படுத்தியது அரசு, அது குடியேற்றத்துக்குச் சான்று ஆகாது.