இட்லிப்பூவுக்கு யூரியா போடலாமா?

கேள்வி: ஐயா, மதுரை ஒத்தக்கடையில் வீடு கட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. முன்னால் ஒன்றரை சென்ட் இடம். எனக்கு மூட்டுவலி, தினமும் குனிந்து வேலை பார்க்க முடியாது. நாட்டுச் செடி என்றால் பராமரிப்பே வேண்டாம் என்று நர்சரியில் சொன்னார்கள். பங்குனியில் இடுப்புயர இட்லிப்பூ எட்டு, நொச்சி இரண்டு வாங்கி வைத்தேன். தினமும் செடிக்கொரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறேன். இட்லிப்பூ இலை மஞ்சளாகிவிட்டது, நரம்பு மட்டும் பச்சை. நொச்சியும் காய்கிறது. யூரியா போடலாமா?

பதில்: போடாதீர்கள் அம்மா. நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மஞ்சளித்தால் அது இரும்புச்சத்துக் குறை. புது வீடு என்பதால் சிமென்ட், பூச்சுக் கழிவு எல்லாம் அந்த மண்ணுக்குள்தான் கிடக்கும். வேர்ப்பக்கம் ஒரு கைப்பிடி மண் எடுத்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு, அது இரும்பை வேருக்குக் கிடைக்க விடாது. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் இலையில் தெளியுங்கள், பத்து நாள் விட்டு இன்னொரு முறை. துளிர் பச்சையாக வரும். ஆனால் மண் மாறாதவரை திரும்பவும் மஞ்சளாகத்தான் செய்யும்.

நாட்டுச் செடி என்றால் எந்த நாடு என்று கேட்டிருக்க வேண்டும். இட்லிப்பூ நம்ம வெட்சிதான், சங்க காலத்துப் பூ, ஆனால் அதற்குப் புளிப்பு (அமில) மண்ணும் ஈரமும் வேண்டும். யானைமலை அடிவாரத்து வெயிலுக்கு ஆவாரை, நொச்சி, ஆடாதோடை, வேலிக்குக் கிளுவை, அதில் ஏற்றிவிடப் பிரண்டை போதும். இவற்றில் நொச்சி, ஆடாதோடையை ஆடு மேய்ந்துவிடுமே என்ற கவலையும் குறைவு.

அப்புறம் நான் எப்போதும் சண்டை போடுகிற விஷயம். பெரிய செடி வாங்காதீர்கள்! பையைக் கிழித்துப் பாருங்கள், வேர் அடியில் சும்மாடு மாதிரி சுருண்டிருக்கும். பையில் ரொம்ப நாள் கிடந்த செடி அது. அதைத்தான் "உடனே தோட்டம் ரெடி" என்று கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள், கூடவே குழிக்குத் தென்னை நார்க்கழிவும் விற்கிறார்கள். வெயிலில் அது காய்ந்து சுருங்கினால், ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக ஓடிவிடும். ஒரு சாண் நாற்றை, சொந்த மண்ணிலேயே, ஐப்பசியில் முதல் நல்ல மழைக்குப் பிறகு வையுங்கள். இரண்டாம் வருடம் உங்கள் இடுப்புயரச் செடியை அது தாண்டிவிடும். மதுரைக்கு மழையே ஐப்பசி, கார்த்திகையில்தான் அதிகம். பங்குனியில் செடி விற்பவருக்கு லாபம், வைத்தவருக்குத் தண்ணீர் செலவு. ஆவாரைக்கு நாற்றுகூட வேண்டாம், கொதித்து இறக்கிய வெந்நீரில் விதையைப் போட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, நேரடியாக ஊன்றலாம்.

பராமரிப்பே வேண்டாம் என்பது முதல் வருடத்துக்குப் பொருந்தாது. தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை செடிக்கு ஒரு குடம், தண்டை விட்டுத் தள்ளி, சுற்றிலும் ஊற்றுங்கள். சருகு, தேங்காய் மட்டை எது கிடைத்தாலும் நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டில் மட்டும் ஒட்ட வேண்டாம். களை எடுக்கக் குனிகிற வேலை பாதி குறையும். தயவுசெய்து சருகைக் கூட்டி எரிக்காதீர்கள்.

நொச்சித் தண்டை நகத்தால் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், தழைத்துவிடும். தெரியாவிட்டால் பிடுங்கிவிடுங்கள். ஐப்பசியில் பக்கத்து வீட்டு நொச்சியில் விரல் கனத்துக்கு ஒரு குச்சி கேட்டு வாங்கி ஊன்றுங்கள், காசே வேண்டாம்.