எடைமேடையில் மோதும் விதிகள் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு ஓசூரிலிருந்து மென்பொருள் எழுதித் தரும் சிறு குழுவில் பணியாற்றுகிறேன். யார் எதைப் பார்க்கலாம், யார் எதைப் பதிய வேண்டும் என்ற விதிகள் ஆண்டுக்காண்டு பெருகி, இப்போது ஒன்றோடொன்று மோதுகின்றன. 'அனுமதியும் தடையும் மோதினால் தடையே செல்லும்' என்று அமைத்திருக்கிறோம். அது போதாதா, ஒரு துறையின் வகைகளையும் உறவுகளையும் கணினிக்குப் புரியும்படி எழுதிவைக்கும் ஆன்டாலஜி வரைக்கும் போகத்தான் வேண்டுமா என்று எங்களுக்குள் விவாதம் நடக்கிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் செய்திருப்பது தவறில்லை. தகவல் தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் ஓயேசிஸ் அமைப்பு, அனுமதி விதிகளை எழுதுவதற்காக 2003இல் வெளியிட்ட எக்ஸ்ஏசிஎம்எல் தரநிலையிலேயே 'தடையே செல்லும்', 'அனுமதியே செல்லும்', 'முதலில் பொருந்தும் விதியே செல்லும்' போன்ற வழிகள் தரப்பட்டுள்ளன. ஆனால் இவை அனைத்தும் கோரிக்கை வந்து நிற்கும் கணத்தில் ஏதேனும் ஒரு விடையைத் தேர்ந்தெடுப்பவை. இரண்டு விதிகள் முரண்பட்டன என்பது விதிகளை எழுதியவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. தடைக்கு எதிரே அனுமதிக்குப் பதிலாகக் கடமை நின்றால், இந்த ஏற்பாடு சிக்கலைத் தீர்ப்பதும் இல்லை.

'எடைமேடைப் பணியாளர் வரும் ஒவ்வொரு சரக்கின் எடையையும் பதிய வேண்டும்' என்று ஒரு விதி. 'சரக்கு கொடுக்கும் விவசாயி கொள்முதல் பதிவேட்டில் எதையும் பதியக் கூடாது' என்று இன்னொன்று. தனித்தனியே படித்தால் இரண்டும் நியாயமானவை. ஆனால் தோத்தாபுரி மாம்பழ வரத்து மிகும் நாட்களில் எடைமேடையில் பருவகால வேலைக்கு நிற்பவர், பர்கூர் பக்கத்தில் சொந்த மாந்தோப்பு உள்ளவராகவும் இருக்கலாம். அவர் பணியில் இருக்கும்போது அவர் வீட்டு டிராக்டரே பழம் ஏற்றி வந்தால், தடை செல்லுமானால் எடை பதியப்படாமல் வண்டி நிற்கும். கடமை செல்லுமானால் தன் சரக்குக்குத் தானே எடை போட்டவர் ஆவார். எழுத்துக்கு எழுத்து பார்த்தால், அடுத்தவர் சரக்கின் எடையைக்கூட அவரால் பதிய முடியாது.

விதிகளுக்கு உரியவர்கள், செயல்கள், பொருள்கள் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில்தான் இத்தகைய மோதல் பிறக்கிறது என்பதை லண்டன் இம்பீரியல் கல்லூரியின் எமில் லூப்புவும் மோரிஸ் ஸ்லோமனும் 1999இலேயே விரிவாக எழுதினார்கள். அந்தப் படிதலைக் கணினி எப்படி அறியும் என்பதே கேள்வி. 'பணியாளர்', 'விவசாயி' என்பவை அதற்கு வெறும் இரண்டு எழுத்துச் சரங்கள். ஆன்டாலஜியில், இருவரும் நபர்கள், எடைப் பதிவு என்பது கொள்முதல் பதிவின் ஒரு வகை என்று வகைகளையும் உறவுகளையும் முறைப்படி அறிவிக்கிறோம். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி 2004இல் பரிந்துரைத்த ஓடபிள்யூஎல் என்னும் ஆன்டாலஜி மொழியில் இவற்றை எழுதி, ஒவ்வொரு விதியும் ஆளும் செயல்களை ஒரு வகையாக வரையறுத்தால், கட்டாயமாக்கப்பட்ட வகைக்கும் தடுக்கப்பட்ட வகைக்கும் பொதுவாக ஏதேனும் இருக்க முடியுமா என்பதை, அறிவித்தவற்றிலிருந்து தர்க்கப்படி முடிவு காணும் ரீசனர் என்னும் மென்பொருள், விதி அமலுக்கு வரும் முன்பே சொல்லிவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓடபிள்யூஎல் மொழியில், சொல்லப்படாதது பொய் என்று ஆகாது; இரு வகைகள் வெவ்வேறானவை என்று நீங்கள் அறிவிக்காதவரை, அவை படியக்கூடும் என்றே ரீசனர் கொள்ளும். ஆகவே முதல் ஓட்டத்தில் மோதல்களின் பட்டியல் மிக நீளமாக வரும், அதைக் கண்டு சலித்து 'பணியாளர் வேறு, விவசாயி வேறு' என்று ஒரே வரியில் அறிவித்துவிடத் தோன்றும். அந்த ஒரு வரி, மேலே சொன்ன உண்மையான மோதலைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். அப்படிப்பட்ட அறிவிப்பு ஒவ்வொன்றையும் கொள்முதல் மேலாளரிடமும் எடைமேடையில் நிற்பவரிடமும் கேட்ட பிறகே எழுதுங்கள்.

மோதலைத் தீர்ப்பதற்கும் வழிகள் உண்டு. கேயாஸ் என்னும் விதி மேலாண்மை மென்பொருள், முன்னுரிமை குறைந்த விதியை முழுதாகத் தள்ளாமல், மோதும் பகுதியை மட்டும் அதிலிருந்து கழித்துவிடும். லலனா ககல் என்னும் ஆய்வாளர் உருவாக்கிய ரேய் என்னும் விதிமொழியில், எந்த விதி மேலோங்கும் என்பதைச் சொல்லும் விதிகளையே தனியே எழுதலாம். ஆனால் முன்னுரிமையை மனிதர்தான் தர வேண்டும். உங்கள் எடைமேடையில் எந்த விதிக்கு முன்னுரிமை தந்தாலும் விடை தவறாகவே இருக்கும். தடையை 'தன் சரக்கு' என்ற அளவுக்குச் சுருக்கி, அப்போது ஷிப்ட் மேற்பார்வையாளர் எடையைப் பதிய வேண்டும் என்று புதிய கடமை ஒன்றைச் சேர்ப்பதே சரி. பதிபவரும் சரக்கு கொடுத்தவரும் ஒருவரே என்ற நிபந்தனையை ஓடபிள்யூஎல் வகை வரையறைகளால் மட்டும் பொதுவாகச் சொல்ல முடியாது. அதை எஸ்டபிள்யூஆர்எல் போன்ற விதிமொழியிலோ உங்கள் நிரலிலோ வைக்க வேண்டும்.

எனவே, விவாதத்தில் நான் ஆன்டாலஜி வேண்டும் என்பவர்களின் பக்கம். எல்லா விதிகளையும் ஒரேயடியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொள்முதல், எடைமேடை விதிகளை மட்டும் முதலில் ஆன்டாலஜி எழுத உதவும் ஸ்டான்ஃபோர்டின் இலவச மென்பொருளான ப்ரோட்டேஜேயில் எழுதி, ஹெர்மிட் ரீசனரை ஓட்டிப் பாருங்கள். 'தடையே செல்லும்' என்ற ஏற்பாட்டையும் எடுத்துவிடாதீர்கள். ஆன்டாலஜிக்குத் தப்பும் மோதல்களுக்கு அது காவலாக இருக்கட்டும், அது குறுக்கிடும் ஒவ்வொரு முறையும் லாகில் பதிவாகட்டும். அடுத்த மே மாதம் பழம் வரத் தொடங்குவதற்குள் இவ்வளவையும் செய்து முடிக்கலாம்.