வாசகர் கேள்வி – பதில்: எலியை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: காரைக்குடியில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி கடைசி வருடம். திசுப் பொறியியலில் (உடல் திசுக்களை லேபில் உருவாக்கும் துறை), அதிலும் புண் ஆறுவது பற்றி பி.எச்டி. செய்ய ஆசை. புராஜெக்ட்டுக்குக் குப்பைமேனிச் சாறு சேர்த்த ஜெலட்டின் படலத்தை எலியில் போட்டுப் பார்க்கலாமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: எலி இப்போது வேண்டாம். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வருவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடலாம். தவிர, எலித்தோல் தளர்வானது. காயம் பெரும்பாலும் சுருங்கியே மூடிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் புண்ணைச் சுற்றி சிலிகோன் வளையம் வைத்துத் தைக்கிறார்கள். புதுக் கைக்கு அது சிரமம்.

கீறல் சோதனையில் தொடங்குங்கள்; அதாவது வளர்ந்த செல் படலத்தில் ஒரு கோடு கீறி, செல்கள் அந்த இடைவெளியை எப்படி மூடுகின்றன என்று பார்ப்பது. 24 குழி பிளேட்டில் எல்-929 என்னும் எலி இணைப்புத் திசு செல்களை 37 டிகிரி, 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடில் வளர்த்து, அடிப்பக்கம் முழுக்க மூடியதும் 200 மைக்ரோலிட்டர் பிப்பெட் முனையால் ஒரே இழுப்பாகக் கோடு போடுங்கள். பி.பி.எஸ். (செல்லைக் கெடுக்காத உப்புக் கரைசல்) விட்டு இருமுறை அலச வேண்டும். கோட்டின் மேலேயே பீய்ச்சினால் செல் படலம் பாய் மாதிரி சுருண்டு வந்துவிடும். குழியின் சுவரோரமாக விடுங்கள். பிளேட்டுக்கு அடியில் மார்க்கர் புள்ளி வைத்தால்தான் 0, 12, 24 மணியில் அதே இடத்தைப் படமெடுக்க முடியும். செல் வளர்க்கும் திரவத்தில் (மீடியம்) சேர்க்கும் சீரத்தை, அதாவது செல்லைப் பெருக வைக்கும் ரத்தத் தெளிநீரை, 1 சதவீதத்துக்குக் குறையுங்கள். 10 சதவீதத்திலேயே விட்டால், இடைவெளி மூடியது செல் நகர்ந்ததாலா பெருகியதாலா என்று வைவாவில் கேட்பார்கள், பதில் இருக்காது.

மூலிகைச் சாற்றில் பலர் வழுக்கி விழும் இடம், செல்கள் உயிரோடு உள்ளனவா என்று சாயத்தால் பார்க்கும் எம்.டி.டி. சோதனை. மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல்தான் ஊதாவாக மாற்றும் என்பது கணக்கு. சாற்றில் உள்ள ஆன்டிஆக்சிடன்ட்டுகள் செல்லே இல்லாமல் அதைச் செய்துவிடும். சாறும் சாயமும் மட்டும் போட்ட குழிகள் குறைந்தது மூன்று வையுங்கள். அந்த அளவைக் கழித்த பிறகு மிஞ்சுவதே உங்கள் முடிவு.

வெறும் ஜெலட்டின் படலம் 37 டிகிரி மீடியத்தில் கரைந்துபோகும். குளூட்டரால்டிஹைடு ஆவியில் வைத்து இறுக்கலாம், ஆனால் அதன் மிச்சம் செல்லைக் கொல்லும். 0.1 மோலார் கிளைசினில் ஊறவைத்து, பி.பி.எஸ்ஸில் பலமுறை கழுவுங்கள். கழுவும்போது சாறும் போய்விடும் என்பதால் அதைக் கடைசியில் ஏற்றுவது நல்லது. படலத்தின் எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்துக்கு முதலில் காரைக்குடியிலேயே உள்ள சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் விசாரியுங்கள்.

பி.எச்டி.க்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட், டி.பி.டி. என்னும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பெட் தேர்வு, கேட் ஆகிய மூன்று தேர்வுகளையும் குறி வையுங்கள். கொலாஜனில் வேலை செய்ய சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் (சி.எல்.ஆர்.ஐ.); உடலுக்குள் வைக்கும் பொருள்கள் என்றால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ ஆய்வு நிறுவனம். எங்கே போனாலும், அந்த லேபில் மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் ஒளிந்து தொற்றும் மிகச் சிறிய பாக்டீரியா) சோதனை கடைசியாக எப்போது நடந்தது என்று அங்குள்ள மாணவர்களிடம் கேளுங்கள். அது தொற்றினால் மீடியம் கலங்காது, பெனிசிலினும் கேட்காது. செல்லின் நடத்தை மட்டும் மாறிவிடும். பதில் சொல்லத் திணறினால் வேறு லேப் பாருங்கள்.