அவர் அடிப்பதில்லை

வணக்கம் அக்கா. சேலம் பனங்காட்டில் இருக்கிறோம், கொலுசு வேலை. கணவர் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் ராத்திரியில் நான் வேண்டாம் என்று சொன்னால் அது அவர் காதிலேயே விழாது. அம்மாவிடம் சொன்னதற்கு, "இதெல்லாம் வெளியே சொல்ற விஷயமா?" என்றார். சலங்கை கோக்கிற வேலையைக் கூடுதலாக வாங்கி, அவர் தூங்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன். தீட்டு முடிந்த பிறகும் இரண்டு நாள் கூட்டிச் சொல்கிறேன். பொய் சொல்கிறோமே என்று உறுத்துகிறது. அடிக்காதவரைக் கொடுமைக்காரர் என்று சொல்லலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்களுக்கு நடப்பது கொடுமைதான். அடி விழுந்தால்தான் கொடுமை என்று இல்லை.

சலங்கை பற்றி எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ஒரு ராத்திரியைத் தள்ளிப்போடுவதற்காகக் கண் விழிக்கிறீர்கள். பிள்ளையை நடுவில் படுக்கவைப்பவர்கள், மாமியாருக்கு முடியவில்லை என்று அவர் பக்கத்தில் பாய் விரிப்பவர்கள் என்று ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீடுகளிலும் கேட்டிருக்கிறேன், அஸ்தம்பட்டி அபார்ட்மென்டிலும் கேட்டிருக்கிறேன். யாரும் இதை வன்முறை என்று சொல்வதில்லை. "பொழுது சாய்ஞ்சாலே பயமா இருக்கு" என்பார்கள். ஆனால் தனக்கு விருப்பமில்லை என்பதில் ஒருத்திக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அந்தப் பொய்யை நினைத்து உறுத்த வேண்டாம். தீட்டு என்றால் அவரால் தள்ளிப் படுக்க முடிகிறது, இல்லையா? அப்படியானால் ஆம்பளையால் அடக்க முடியாது என்று ஊர் சொல்வது உண்மையில்லை. தீட்டுக்கு அவர் கொடுக்கிற மரியாதையை உங்கள் பேச்சுக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும், மனைவிக்கு 18 வயது நிறைந்திருந்தால் கணவன் கட்டாயப்படுத்துவது வன்புணர்வு ஆகாது என்ற விலக்கை வைத்திருக்கிறார்கள். ஆனால் 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் கொடுமையையும் சேர்த்தே சொல்கிறது. விவாகரத்து கேட்காமல், வீட்டைவிட்டுப் போகாமல், அதன்படி பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். அதை மீறினால் அவருக்கு ஓராண்டு வரை சிறை. மனு கொடுக்க மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் உதவ வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

உடனே வழக்குப் போடுங்கள் என்று சொல்லவில்லை, அது உங்கள் முடிவு. முதலில் பெண்கள் உதவி எண் 181-இல் பேசுங்கள். அவர் வெள்ளி விஷயமாகச் செவ்வாய்ப்பேட்டை போகிற நேரமாகப் பாருங்கள். அவரும் எடுத்துப் பார்க்கிற போன் என்றால், பேசி முடித்ததும் அந்த எண்ணை அழித்துவிடுங்கள்.