தாதியர் சீருடை: தைக்கக் கொடுப்பதற்கு முன்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் சிறியதொரு தனியார் வைத்தியசாலையை நடத்துகிறோம். தாதியர் 14 பேருக்கும் வெள்ளைக் கவுனுக்குப் பதிலாக, பார்வைக்கு அழகும் வேலைக்கு வசதியும் உள்ள கடும் நீலச் சேர்ட்டும் காற்சட்டையும் தைக்க எண்ணுகிறோம். இது பொருத்தமாக இருக்குமா?

பதில்: நிறத்தைத் தீர்மானிக்கும் முன், அந்தத் துணி எந்தத் தண்ணீரில் தோய்க்கப்படப் போகிறது என்பதைப் பாருங்கள். சுண்ணாம்புக் கற்பாறையூடாக ஊறிவரும் நமது கிணற்று நீரில் சவர்க்காரம் சரியாக நுரைக்காமல் திரண்டு இழைகளில் படிந்துவிடுவதனால்தான், புது வெள்ளைத் துணி விரைவிலேயே சாம்பல் பூத்துப்போகிறது. கட்டிச் சவர்க்காரத்துக்குப் பதிலாகச் சலவைத் தூள் பயன்படுத்தினால் இது பெருமளவு குறையும். ஆயினும் வெள்ளையைக் கைவிட நீங்கள் எண்ணியதில் நியாயம் இருக்கிறது.

கடும் நீலத்துக்கோ எதிரி வேறு. தரை துடைக்கும் குளோரின் கரைசல் ஒரு துளி தெறித்தாலும், சாயம் உறுதியற்றதாயின் அவ்விடம் வெளிறிவிடும். கடைக்காரரிடம் ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி, நீங்கள் பாவிக்கும் கரைசலையே அதில் விட்டுக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். இரத்தக் கறை தெரியாது என்பதற்காகக் கடும் நிறத்தைத் தேர்வதை நான் ஏற்பதில்லை. கறை கண்ணில் பட்டால்தான் உடனே உடை மாற்றத் தோன்றும். நடுத்தர நீலமோ சாம்பல் கலந்த பச்சையோ போதும்.

துணியில், பருத்தி கூடிய பொலியெஸ்ரர் கலப்பே நமது வெயிலுக்கும் மாரிக்கும் ஏற்றது. தனிப் பருத்தி உடலுக்கு இதமானதுதான். ஆனால் கசங்கும், மழை நாட்களில் காய மறுக்கும். எதுவானாலும் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவிடச் சொல்லுங்கள்.

அழகு என்பது பெரும்பாலும் வெட்டில்தான் இருக்கிறது. கழுத்தோரத்தில் வேறு நிறத்தில் ஒரு மெல்லிய கரை வைத்தால் அலங்காரம் முடிந்தது. (மணி வேலையும் கல் வேலையும் கல்யாண வீட்டுக்கு இருக்கட்டும்.) அளவுச் சட்டையை அணிந்த தாதி, சேலைன் போத்தலைத் தொங்கவிடுவதுபோல் இரு கைகளையும் உயர்த்தட்டும், அப்போது இடுப்புத் தெரிந்தால் நீளம் போதாது, கமக்கட்டில் இழுத்தால் அங்கே சாய்சதுரத் துண்டொன்று வைத்துத் தைக்க வேண்டும். அடுத்து, நோயாளியைப் புரட்டுவதுபோல் குனியட்டும். கழுத்து முன்னே தொங்கித் திறக்கக் கூடாது, மேற்பொக்கற்றில் உள்ள பேனையும் விழக் கூடாது. கத்தரிக்கோல், பஞ்சு, குறிப்புப் புத்தகம் யாவும் கீழ்ப் பொக்கற்றுகளுக்கே போவதால், அவற்றின் வாய் மூலைகளை இரட்டைத் தையலால் உறுதிப்படுத்துங்கள். முதலில் கிழிவது அந்த இடந்தான்.

சட்டையின் கை முழங்கைக்கு மேலேயே நிற்கட்டும். கைகளை மணிக்கட்டுக்கும் மேலாகக் கழுவ வசதியாக, முழங்கைக்குக் கீழே துணியோ நகையோ இருக்கலாகாது என்பதைப் பிரித்தானியச் சுகாதாரத் துறையும் 2007 இல் வழிகாட்டலாக வெளியிட்டது.

ஆளுக்கு மூன்று சோடியாவது வேண்டும். ஆனால் 42 சோடியையும் ஒரேயடியாகத் தைக்கக் கொடுக்காதீர்கள். ஒன்றை மட்டும் தைத்து, இரவுக் கடமை உட்பட ஒரு கிழமை ஒருவரை அணியச் செய்து, உங்கள் கிணற்று நீரிலேயே தோய்த்தபின், நீளத்தை மீண்டும் அளந்து பார்த்துவிட்டு மிகுதித் துணியை வாங்குங்கள்.